குமாஸ்தாவின் கவனக்குறைவு

கெடு தாண்டியதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி நாங்கள் போட்ட மன்னிப்பு மனுவைப் பாதி படித்ததும் நீதிபதி சிரித்துவிட்டார். "மறுபடியும் குமாஸ்தாவா?" என்றார். முன்வரிசை வக்கீல்களும் சிரித்தார்கள். பின்சுவரை ஒட்டி நின்றிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்தக் குமாஸ்தா நான்தான்.

இருபத்தாறு வருடமாக வக்கீல் குமாஸ்தா. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வக்கீல் ஊருக்குப் போயிருப்பார், இல்லையென்றால் கட்சிக்காரர் கையெழுத்துப் போட வராமல் இழுத்தடிப்பார், கெடு தாண்டிவிடும். மனுவில் மட்டும் 'குமாஸ்தாவின் கவனக்குறைவால் வழக்குக் கட்டு இடம் மாறிவிட்டது' என்று இருக்கும். என்மேல் நானே பழி போட்டு, நானே தட்டச்சு செய்து, தாள் கசங்காமல் கொண்டுபோய்த் தாக்கல் செய்வேன். குழம்பில் உப்புக் கூடினால் என் மனைவிகூட 'குமாஸ்தாவின் கவனக்குறைவு' என்பாள்.

இந்த முறை தவறு நிஜமாகவே என்னுடையது.

வெல்டர் ஒருவனுக்கு ஏழு வருடத் தண்டனை. கைகலப்பில் அவன் தள்ளிவிட்டதால் ஒருவர் இறந்துபோனார் என்று வழக்கு. மேல்முறையீட்டுக்குச் சாட்சியங்களைத் தட்டச்சு செய்து நான்கு வாரத்தில் கொடுக்கவேண்டும், தவறினால் தானாகவே தள்ளுபடி என்று உத்தரவு. நூற்றுப் பன்னிரண்டு பக்கம் தயார். ஒரே ஒரு பக்கம் மட்டும் நகலில் கறுப்படித்துக் கிடந்தது. இறந்தவர் ஏற்கெனவே நெஞ்சுவலிக்காரர், தானாக விழுந்திருக்கவும் கூடும் என்று டாக்டர் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்ட பக்கம். வெல்டர் தப்புவதற்கான வழியே அதில்தான் இருந்தது. படிக்கமுடியாதபடி அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வேறு நகல் கேட்டு கோர்ட் நகல் பிரிவுக்கு நடையாய் நடந்தேன். நல்ல நகல் கைக்கு வந்தபோது கெடு முடிந்து இரண்டு நாள். இருப்பதைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் பிறகு சேர்த்திருக்கலாம். நேற்று வேலைக்கு வந்தவனுக்குக்கூட அது தெரியும். எனக்குத் தோன்றவில்லை.

"வழக்கமா எழுதுறதையே எழுதிடுங்க. புதுசா எதையாவது சொல்லப் போய்க் குழப்பமாயிடும்" என்றார் வக்கீல். எழுதினேன்.

"இந்த வருஷம் உங்க ஆபீஸ்ல இருந்து இது ஒன்பதாவது தடவை. உங்க குமாஸ்தாவுக்காகக் கோர்ட் காத்துக்கிட்டு இருக்க முடியாது" என்றார் நீதிபதி. மனுவும் போயிற்று, மேல்முறையீடும் போயிற்று. டாக்டரின் பக்கத்தை யாரும் திறக்கவே இல்லை. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெல்டரின் அக்கா என் பின்னாலேயே வெளியே வந்தாள். துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கிற வேலை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வருவாள்.

"என்னண்ணே சொன்னாங்க?"

"தள்ளுபடிம்மா."

"அப்போ மிச்சம் அஞ்சு வருஷமும் உள்ளதானா?"

தலையாட்டினேன். அவள் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். 

"குமாஸ்தா கட்டத் தொலைச்சிட்டாருன்னு உள்ள சிரிச்சாங்களே, வக்கீல் செஞ்ச தப்ப உங்க தலையில கட்டிட்டாருல்ல? எனக்குத் தெரியாதாண்ணே. ஒரு வருஷமா உங்களப் பாக்குறேன். ஒரு தாள் மடங்க விடமாட்டீங்க. நீங்களா கட்டத் தொலைப்பீங்க?"

உண்மை வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அவ்வளவுதான் என் தைரியம்.

"நாளைக்கு ஜெயில்ல தம்பியப் பாக்கப் போறேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னா எனக்கு எல்லாமே மறந்துபோயிடும். எதனால தள்ளினாங்கன்னு எழுதிக் குடுங்கண்ணே. நீங்க எழுதுனதுன்னா நம்புவான்."

கையிலிருந்த வழக்குக் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி பெஞ்சின்மேல் வைத்தேன். தேதி எழுதினேன். வழக்கு எண் எழுதினேன். தள்ளுபடி என்று எழுதினேன். அதன் கீழே 'காரணம்' என்று எழுதியதோடு பேனா நின்றுவிட்டது. மேலே சுற்றிய மின்விசிறிக் காற்றில் தாள் பறந்துவிடாமல், ஊசி குத்திக் காய்த்த விரல்களால் அதன் இரண்டு ஓரத்தையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.