மாங்கேணியில் இறக்கம்

மட்டக்களப்பு - வாகரை றோட்டில் பத்தொன்பது வருஷம் தனியார் பஸ் ஓட்டிய எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: மணிக்கூட்டுக் கனகசிங்கம். ஆறு மணி பஸ்ஸை ஆறு மணிக்கே எடுப்பேன். தரிப்பிடம் இல்லாத இடத்தில் கடவுளே கையைக் காட்டினாலும் நிறுத்த மாட்டேன். இதையெல்லாம் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கண்டக்டர் ஏறாவூர் நௌஷாட் எனக்கு நேரெதிர். யாராவது "இறக்கம் இருக்கு" என்று வாயைத் திறந்தால் போதும், அந்த ஆளின் வீட்டு வாசலிலேயே மணியை அடித்துவிடுவான். நான் நிறுத்தாமல் போவேன். அவன் மறுபடியும் அடிப்பான். இரண்டு பேரும் வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டுதான் வாகரைக்குப் போய்ச் சேருவோம். 2019இல் ஒரு மழை நாள், கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணை அவள் கேட்ட இடத்தில் நான் இறக்கவில்லை. நௌஷாட் டிக்கெட் புத்தகத்தை என் மடியில் வைத்தான்.

"அண்ணன், நீங்க மணிக்கூட்டுக்குத்தான் பஸ் ஓடுறீங்க. ஆக்களுக்கில்ல."

அப்படிச் சொல்லிவிட்டு இறங்கிப் போனவன்தான். இரண்டு வருஷம் எங்களுக்குள் பேச்சில்லை.

என் மனைவி அன்னப்பூரணியும் அந்த பஸ்ஸில் வந்த ஆள்தான். மாங்கேணியில் படிப்பித்தாள். எனக்குப் பின்னால் முதல் சீட் அவளுக்கு. பள்ளிக்கூடம் வளைவில் இருக்கிறது. தரிப்பிடம் அதைத் தாண்டி அரை மைல். கலியாணத்துக்கு முன்னும் அவளைத் தரிப்பிடத்தில்தான் இறக்கினேன், பின்னும் அங்கேதான் இறக்கினேன். நௌஷாட் பள்ளிக்கூட வாசலில் "டீச்சருக்கு இறக்கம்" என்று தினமும் மணி அடிப்பான். என் கால் பிரேக்குக்குப் போகாது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடப்பாள்.

2021 ஆவணியில் எங்கள் இரண்டு பேருக்கும் கொரோனா வந்தது. எனக்கு நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அன்னத்துக்கும் காய்ச்சல் விட்டது, ஆனால் பயம் விடவில்லை. வாயில் ருசி இல்லை, மூக்கில் மணம் இல்லை. எங்கள் ஒழுங்கை வீடுகளில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போன மூன்று பேரில் ஒருவரும் திரும்பி வரவில்லை. அம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே எழும்பிப் போய் யன்னலைப் பூட்டுவாள். சோற்றைப் பிசைவாள், ஒரு வாய் வைப்பாள், கோப்பையைத் தள்ளிவிடுவாள். அவளோ சீனி வருத்தக்காரி, தினமும் இன்சுலின் ஊசி போடுகிறவள்.

டொக்டர் தொலைபேசியில் தெளிவாகச் சொன்னார். "சாப்பிடாம ஊசி போட ஏலாது. ஊசி போடாம இருக்கவும் ஏலாது. இன்னும் ரெண்டு நாள் பாப்பம். சாப்பிடாட்டி வார்ட்டுக்குக் கொண்டு வாங்க. அதுக்குள்ள அவட மனச எங்கயாவது திருப்புங்க."

வார்ட் என்ற சொல் அன்னத்தின் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு அவள் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. நான் குசினிக்குள் அடுப்புப் பக்கம் போய் நின்று அழுதேன்.

கொழும்பில் அடைபட்டிருந்த அன்னத்தின் தங்கச்சி மேனுகா ஒரு வழி சொன்னாள். ஊரடங்கு நேரத்தில் உலகமே இப்படித்தான் வீட்டுக்குள் இருந்து ஊர் சுற்றுகிறதாம். சுவிஸ் மலையில் ரயில் ஓடுகிற வீடியோவை அனுப்பினாள். தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினேன். பனி, மலை, பனி, மலை. அன்னம் பத்து நிமிஷம் பார்த்தாள்.

"குளிருது. நிப்பாட்டுங்க."

எனக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. அந்த ரயிலில் ஏற ஆளும் இல்லை, இறங்க ஆளும் இல்லை.

அப்போதுதான் நௌஷாட்டின் நினைவு வந்தது. அவன் இப்போது ஊரடங்கு அனுமதிப் பத்திரத்தோடு வாகரைப் பக்கத்துக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். தொலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக அரை மணித்தியாலம் போனது. கடைசியில் வெட்கத்தை விட்டு எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். பழைய கதை ஒன்றையும் அவன் எடுக்கவில்லை.

"டீச்சருக்கா? காலம ஆறு மணிக்கு ரெடியா இருக்கச் சொல்லுங்க அண்ணன். நான் வீடியோ கோல் எடுக்கிறன்."

காலையில் ஆறு மணிக்கு அழைப்பு வந்தது. தொலைபேசியை லொறிக் கண்ணாடிக்கு முன்னால் கட்டி வைத்திருந்தான். ஏறாவூர்க் கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. றோட்டில் இரண்டு மாடும் ஒரு பொலிஸ்காரரும்தான். நான் அன்னத்தைக் கதிரையில் இருத்திவிட்டு அவளுக்கு முன்னால் என் கதிரையைப் போட்டேன். வலது பக்கமாகத்தான் போட்டேன், பழக்கதோஷம்.

நௌஷாட் பழைய குரலில் கூவினான். "செங்கலடி, சித்தாண்டி, கிரான், வாழைச்சேனை... டீச்சர், நல்லாச் சாஞ்சு இருங்க."

இரண்டு கிழமையாகச் சிரிக்காத அன்னம் சிரித்தாள். ஓட்டமாவடிப் பாலத்தில் ஏறும்போது ஆற்றைப் பார்க்கக் கழுத்தை நீட்டினாள். இதுதான் சமயம் என்று நான் ரொட்டித் தட்டை நீட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாவலடியில் நீட்டினேன், திருப்பிக்கொண்டாள். காயான்கேணியிலும் அப்படியே. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாகரை வரைக்கும் போய் வந்தும் ரொட்டி தட்டிலேயே கிடந்து காய்ந்தது.

அடுத்த நாள்தான் டொக்டர் சொன்ன கடைசி நாள். விடிய எழும்பி ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, தட்டில் வைக்கப் போனேன். அன்னம் பழைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். சேலை உடுத்திருந்தாள்.

"தட்டு வேணா. பார்சலாக் கட்டித் தாங்க."

சாப்பாடு கட்டும் லஞ்ச் சீட்டில் சுற்றிக் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்தாள். லொறி புறப்பட்டது. ஓட்டமாவடிப் பாலம் போனது, நாவலடி போனது. பை திறக்கவில்லை. என் பொறுமையும் போனது.

"இஞ்ச பாருகா, இண்டைக்கும் சாப்பிடாட்டி ஆஸ்பத்திரிதான். எடுத்துச் சாப்பிடன்."

"ஓடுற பஸ்ஸுக்குள்ள நான் எப்ப சாப்பிட்டிருக்கன்? எனக்குத் தலை சுத்திச் சத்தி வரும்."

பதினொரு வருஷம் என் முதுகுக்குப் பின்னால் வந்தவள். இது எனக்குத் தெரியாது.

"அப்ப எங்க சாப்பிடுவாய்?"

"பள்ளிக்கூட வாசல்ல, வேம்புக்குக் கீழ. புள்ளையள் வர முதல்."

அவள் அங்கே போய்ச் சாப்பிட்டிருக்கிறாள். பசியோடு அரை மைல் திரும்பி நடந்து போய்ச் சாப்பிட்டிருக்கிறாள். பஸ் அந்த வேம்பைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும் போயிருக்கிறது. மாங்கேணி வளைவு திரையில் தெரிந்தது. அன்னம் பையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"இறக்கம் இருக்கு."

அந்தச் சத்தம் நௌஷாட்டுக்குக் கேட்டிருக்காது. நான்தான் கத்தினேன்.

"நௌஷாட், நிப்பாட்டு. டீச்சருக்கு இறக்கம்."

லொறிக்குள் இருந்து நௌஷாட்டின் குரல் வந்தது.

"அண்ணன், அதில தரிப்பிடம் இல்லையே."

அவன் சொன்னது சரி. அது என் வசனம். எத்தனை ஆயிரம் தரம் அவனுக்கு நான் சொன்ன வசனம்.

"தெரியும் தம்பி. நிப்பாட்டு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

நான் சொல்லி முடிக்கும்போது லொறி வாசலில் நின்றிருந்தது. அவன் முதலே பிரேக் போட்டுவிட்டான். வாகரையில் மரக்கறிக்காகச் சனம் காத்திருக்கும். அவனோ தொலைபேசியைக் கழற்றிக்கொண்டு இறங்கினான். பூட்டிய கதவு, சருகு மூடிய முற்றம், வேம்பு எல்லாவற்றையும் நின்று நிதானமாகக் காட்டினான். பிறகு தொலைபேசியை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு எதிரில் குந்தித் தன் பார்சலை அவிழ்த்தான்.

"பிஸ்மில்லாஹ். டீச்சரும் சாப்பிடுங்க. தனியச் சாப்பிட எனக்கு ஒருமாதிரி இரிக்கி."

அன்னம் பையைத் திறந்தாள். ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வாய், இரண்டு வாய். ஒரு முழு ரொட்டி. பிறகு பாதி.

"ருசி ஒண்டும் தெரியல்ல" என்றாள். "ஆனா பசிக்குது."

மற்றப் பாதியையும் எடுத்தாள். டொக்டருக்குச் சொன்னேன். எவ்வளவு ஊசி போடலாம் என்று சொன்னார். வார்ட் பற்றிப் பேசவில்லை. அந்த மாதம் முழுக்க நௌஷாட் ஒவ்வொரு காலையிலும் வேம்புக்குக் கீழே பதினைந்து நிமிஷம் நின்றான். என் பெண்சாதி எனக்குத் திரும்பக் கிடைத்தது அந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான். இதை யாரிடமும் எந்த இடத்திலும் சொல்வேன்.

இப்போது பஸ் பழையபடி ஓடுகிறது. அன்னம் முதல் சீட்டில் வருகிறாள். நௌஷாட்டை நான் ஏறாவூருக்குப் போய் வருந்திக் கூட்டி வந்தேன். வாகரைக்குப் போய்ச் சேரச் சில நாளில் இருபது நிமிஷம்கூடப் பிந்துகிறது. டைம் கீப்பர் ஏசுகிறார், நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். மாங்கேணி வளைவில் மட்டும் நௌஷாட் மணி அடிப்பதில்லை. அவன் கை கயிற்றுக்குப் போகுமுன் பஸ் நின்றுவிடுகிறது.