அம்மா தலையாட்டினாள்

"அந்தப் பாட்டையெல்லாம் விட்டுட்டேன்னு தலையையாவது ஆட்டும்மா வெர்லி, போதும்" என்று கிறிஸ்தவ சபை மூப்பர் டல்லி மூன்றாவது முறையாகக் கட்டிலின் மேல் குனிந்தார்.

பக்கவாதம் வந்து ஒன்பது நாள். வெர்லிக்குப் பேச்சு போய்விட்டது. போர்வையின் மேல் இடது கை மட்டும் பியானோ வாசிப்பது போல ஓயாமல் உருண்டு கொண்டிருந்தது. ஆற்றங்கரை ஊரான ஹெலினாவில் பியானோ இருக்கும் எந்தச் சாராயக்கடைக்குள் நுழைந்தாலும் அந்த உருட்டல்தான் கேட்கும். ஒரு பெண் தானே வாசித்துத் தானே பாடிய, கறுப்பர்களின் சோகப்பாட்டான ப்ளூஸ் இசைத்தட்டு, அந்த ஆற்றங்கரையில் முதலில் வந்தது அவளுடையதுதான். சிகாகோவில் இன்று பேர் வாங்கியவர்களில் பாதிப் பேர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களைப் பார்த்து வாசிப்பைத் திருடியவர்கள்.

சபைக்கு அது பிசாசின் பாட்டு. மனந்திரும்பாதவர்களுக்குச் சபைக் கல்லறையில் இடமில்லை. அங்கேதான் இரண்டு வயதில் போன அவள் மகன் கிடந்தான். "என்னை அவன் பக்கத்துல போட்டுடுடி." பேச்சு இருந்தபோது வெர்லி மகளிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

"கை ஏன் இப்படி ஆடுது?" என்றார் மூப்பர். வாலிபத்தில் அந்தக் கையின் வாசிப்புக்கு அவரும் ஆடியவர்தான்.

"ஜெபம் பண்றாங்க" என்றாள் மகள் அர்டெல்லா. அம்மாவின் கையைப் பிடித்து அமுக்கினாள். "இப்பக் கேளுங்க."

மூப்பர் மறுபடி கேட்டார்.

"தலையாட்டிட்டாங்க."

"எனக்குத் தெரியலையே."

"நீங்க கையையே பாத்துட்டிருந்தீங்க, மூப்பரே."

வெர்லிக்குக் காது நன்றாகக் கேட்டது. மகளையே பார்த்தாள். அர்டெல்லா பிடியை விட்ட பிறகும் அந்தக் கை அசையவில்லை. மறுநாள் மதியம் உயிர் போயிற்று.

சவப்பெட்டி தூக்க, அவளிடம் கற்ற ஆறு பியானோக்காரர்கள் வந்திருந்தார்கள். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டே சபைக் கோயில் வாசலில் அவர்களில் ஒருவனான ஈசம் சொன்னான்: "தூக்கறப்ப தாளம் தப்புச்சுன்னா பெட்டிக்குள்ளேயிருந்தே திட்டுவாங்க, பாரு."

போதகர் பிரசங்க மேடையில் ஏறினார். "நம் சகோதரி அந்தப் பாட்டுகளைச் சபித்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள்!"

சபையார் ஆமென் சொன்னார்கள். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்த ஈசம், நடுவழியாக முன்வரிசைக்கு வந்தான்.

"அர்டெல்லா, அவங்களா அப்படிச் சொன்னாங்க?"

மூப்பர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலின் பின்புறம், அந்தக் குழந்தையின் சின்னக் கல்லறைக் கல்லுக்குப் பக்கத்தில் குழி தயாராக இருந்தது.

"ஆமாண்ணே."

"அப்ப, அவங்ககிட்ட கத்துக்கிட்டு நாங்க இத்தனை வருஷமா வாசிக்கிறது சாபமா?"



ஈசம் கையுறைகளைக் கழற்றி அர்டெல்லாவின் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே நடந்தான். மற்ற ஐந்து பேரும் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்கள்.

"தூக்க ஆள் வேணுமேம்மா" என்று சவ அடக்கக்காரர் அவள் காதில் சொன்னார்.

மூப்பர்கள் ஐந்து பேர் எழுந்து வந்தார்கள். பெட்டியின் ஆறாவது கைப்பிடிக்கு யாரும் வரவில்லை. அர்டெல்லா ஈசத்தின் கையுறைகளை மாட்டிக்கொண்டு அதைப் பற்றினாள். அவை அவளுக்குப் பெரிது. விரல் நுனிகள் காலியாகத் தொங்கின.