விஷப்பல்லி

"அதத் தொட்டா கை வெந்து போகும் சார். வெசம்!" என்று காளீஸ்வரி சொன்ன பிறகுதான் அந்த மனிதர் சுவரிலிருந்து கையை எடுத்தார்.

போடிமெட்டுக்குப் போகிற வழியில், ஏலத்தோட்டத்துக்குள் இருக்கிற ஆறு அறை விடுதி அது. காளீஸ்வரிக்கு அங்கே கூட்டித் துடைக்கிற சோலி. ராசிங்காபுரத்தில் பஸ்சு ஏறி, போடியில் ஜீப்பு மாறி, வந்து சேர்வதற்குள் பாதி உசிர் போய்விடும். அதற்கு மேல் பல்லிக்காக வாயாட எங்கே தெம்பு? ஆனாலும் இரண்டு வருசமாக ஆடித்தான் தொலைத்தாள். பின்சுவரை ஒட்டிய பாறையில் குடியிருக்கிற அந்தப் பொடிப் பல்லிகளை, படம் எடுக்கிறேன் பேர்வழி என்று வருகிறவர்கள் எல்லாம் பிடித்துக் கையில் வைத்துக்கொள்வார்கள். ஆராய்ச்சிக்கு வந்து தங்கிய கார்த்திகா என்ற பெண் மட்டும்தான் பத்து நாளும் ஒரு விரலால்கூட அவற்றைத் தொடவில்லை. "தோலு நனஞ்ச தாளு மாதிரிக்கா, அமுக்குனா கிழிஞ்சிரும். பஞ்சத்துக்குன்னு வால்லதான் கொழுப்பச் சேத்து வச்சிருக்கும். பயந்து வால விட்டுச்சுன்னா, அப்புறம் பட்டினிதான்" என்றாள். அதற்குப் பிறகு வாலில்லாமல், தோல் உரிந்து, காளீஸ்வரியின் விளக்குமாற்றில் வந்து சேர்ந்தவை மட்டும் நான்கு. "தொடாதீங்க, பாவம்" என்றால் யார் கேட்டது? சிரித்தார்கள். அலுத்துப்போய்த்தான் இன்றைக்கு விஷம் என்று ஒரு போடு போட்டாள். சோற்றில் பல்லி விழுந்தால் சட்டியோடு கொட்டுகிற சனத்துக்கு அது மட்டும் உடனே விளங்கியது.

கொஞ்சம் அதிகமாகவே விளங்கிவிட்டது. பச்சைப்பிள்ளை இருக்கிற இடத்தில் விஷப்பல்லியா என்று கத்திவிட்டு, அரைமணி நேரத்தில் அந்த மனிதரின் குடும்பம் கார் ஏறிப் போய்விட்டது. மேனேஜர் அன்புச்செல்வன் மருந்தடிக்கிற பம்ப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

"யக்கா, செவுரு, பாறை இடுக்கு, ஒண்ணு விடாம அடிச்சிருங்க. சாயங்காலம் அடுத்த பார்ட்டி வருது. வெரசா!"

"தம்பி, அதுக்கு வெசமெல்லாம் கெடையாது. தொடாம இருக்கட்டும்னு நாந்தான் பொய் சொன்னேன்."

"பொய்யோ நெசமோ, அவுக செல்லுல எழுதிப் போட்டுட்டாக. இனி நான் ஊரு வாய மூடவா? முடியாதுன்னா சொல்லுங்க, நாளைக்கு வேற ஆளு பாத்துக்கிர்றேன்."

அவன் உள்ளே போய்விட்டான். நல்லதுக்குப் பொய் சொன்ன வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? அவளுக்கு அழுகையாக வந்தது. சுவரில் ஒரு பல்லி ஒட்டியிருந்தது. அடிவயிற்றுத் தோலுக்குள் இரண்டு முட்டைகள் வெள்ளையாகத் தெரிந்தன. "ஓடேன் மூதேவி, தோட்டத்துப் பக்கம் ஓடேன்!" என்று கையைத் தட்டினாள். அது ஒரு சாண் நகர்ந்து மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

குழாயில் போய்ச் சோப்பு வாடை போகக் கையைக் கழுவினாள். இந்த ஒன்றையாவது எடுத்துக் கீழே ஏலச்செடிக்குள் விட்டுவிடலாம். இதுநாள்வரை தொடாதவள், இரண்டு கையையும் குவித்து மெதுவாக மூடினாள். உள்ளே சில்லென்று ஒரு துடிப்பு. அவ்வளவுதான். விரல் சந்தில் நழுவி, அவள் மருந்தடிக்க வேண்டிய அதே பாறை இடுக்குக்குள் அது ஓடி மறைந்தது.

"முடிஞ்சுதாக்கா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

காளீஸ்வரி கையை விரித்துப் பார்த்தாள். அவள் உள்ளங்கையில் வால் மட்டும் கிடந்து துள்ளிக்கொண்டிருந்தது.