ஊமைச்சியின் முறை

மல்லாட்டை என்று செஞ்சிப் பக்கத்தில் சொல்லும் வேர்க்கடலையை விதைக்காக உடைப்பதென்றால் கையால்தான் உடைக்க வேண்டும். மெஷினில் போட்டால் பருப்பு பிளந்துபோகும். அறுபத்து நாலாம் வருஷத்து ஆடி மாதம் அதற்காகக் கோட்டை மலையடியில் இளையபெருமாள் வீட்டுக் களத்தில் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

உடைக்கிறவர்கள் பருப்பை வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். முறை வைத்து ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும், கேட்பவர்கள் ஊம் கொட்ட வேண்டும். ஊம் நின்றால் கதையும் நின்றுவிடும், அதுதான் வழக்கம். கஞ்சத்தனத்தில் மனிதர் பெரிய கெட்டிக்காரர்.

அன்று பூவாயியின் முறை வந்தது. இளையபெருமாளின் செத்துப்போன அண்ணன் மகள் அவள். இருபத்தாறு வயதுவரை நாலு பேர் முன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. ஊமைச்சி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"ஊமைச்சி இன்னா கதை சொல்லப் போறா? சொல்லு, நானே ஊம் கொட்டறேன்" என்று சிரித்தார் சித்தப்பா.

பூவாயிக்குப் பயம்தான். பயத்துக்கு மேல் கோபம். எத்தனை வருஷத்துக் கோபம்!

"ஒரு ஊர்ல ஒரு பொண்ணு. எட்டு வயசு. நைனா செத்துட்டாரு."

"ஊம்."

"அவளும் அவ அம்மாவும் சித்தப்பன் வூட்ல இருந்தாங்க. அவன் தெனம் அவ அம்மாவப் போட்டு அடிப்பான்."

"ஊ...ம்."

"பொண்ணு பக்கத்து வூட்ல போய்ச் சொல்லிட்டா. அதுக்கு அவன் கரண்டியக் காய வெச்சி..."

ஊம் வரவில்லை. இளையபெருமாள் முகம் கறுத்துவிட்டது. ஓடு உடையும் சத்தமும் நின்றது. இப்போது நின்றால் சாகும்வரை ஊமைச்சிதான் என்று பூவாயிக்குத் தெரிந்தது.

"ஊம்" என்றாள் எதிரே இருந்த மீனம்பாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி அவள்தான். அன்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தவள். கண் கலங்கியிருந்தது. அவளைத் தொடர்ந்து பக்கத்தில் உடைத்துக்கொண்டிருந்த குஞ்சம்மாள் ஊம் என்றாள். பிறகு எல்லோரும்.

"நாக்குல சூடு வெச்சான். அந்தப் பொண்ணு நான்தான்" என்றாள் பூவாயி.

"போதும் வேல! எழுந்து போங்கடி!" துண்டை உதறிக்கொண்டு எழுந்தார் இளையபெருமாள். ஒருத்தியும் அசையவில்லை.

இத்தனை வருஷம் அவர் எதிரில் தலை நிமிராத பூவாயி, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"குந்து சித்தப்பா. கதை இன்னும் முடியல. எங்கம்மா எப்பிடிச் செத்துச்சின்னு இனிமேதான் சொல்லப் போறேன்."