கட்டில் போகும் திசை

2004-இல் குவைத்தின் ஃபர்வானியாவில், நர்சுகள் தங்கியிருந்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில், பூவாயி ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் அவளுடைய இரும்புக் கட்டில் ஒரு சாண் நகர்ந்திருக்கும். தக்காளி விலை ஏறியதைப் பேசுகிற மாதிரிதான் கட்டடத்தில் இதையும் பேசிக்கொண்டார்கள். இரவில் தூங்கினாலும், நைட் டியூட்டி முடித்துப் பகலில் தூங்கினாலும் அதே ஒரு சாண்தான். வேறு யாராவது படுத்தால் கட்டில் அசையாது. எகிப்துக்காரக் காவலாளி வந்து நான்கு கால்களுக்கும் செங்கல் முட்டுக் கொடுத்தான். மறுநாள் செங்கல்லும் சேர்ந்து நகர்ந்திருந்தது. "மாஃபி முஷ்கில்", ஒன்றும் பிரச்சினை இல்லை, என்று சொல்லிவிட்டு அவன் செங்கல்லை எடுத்துக்கொண்டு போனான். கட்டில் தென்மேற்குச் சுவரை முட்டியதும் அறையிலிருந்த நான்கு பெண்களும் சேர்ந்து அதைத் தூக்கிப் பழைய இடத்தில் போடுவார்கள். துணி துவைப்பது, ஊருக்குப் போன் போடுவது போல இதுவும் வெள்ளிக்கிழமை வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

பூவாயி பெரம்பலூர்ப் பக்கம். ஆள் குறைந்த ஆஸ்பத்திரிகளுக்கு மாதக் கணக்கில் நர்சுகளை அனுப்புகிற கம்பெனி ஒன்றில் இருந்தாள். எந்த அலமாரியில் பஞ்சு, எந்த அலமாரியில் ஊசி என்று கை பழகுவதற்குள் அடுத்த நாட்டுக்கு டிக்கெட் வந்துவிடும். எங்கே போனாலும் கத்துகிற நோயாளியைப் புதிதாக வந்தவள் தலையில்தான் கட்டுவார்கள். அவள் பெட்டியைப் பிரிப்பதே இல்லை. மேலே இருக்கிற இரண்டு யூனிபாரம்தான் மாறி மாறி வெளியே வரும். புருஷன் ரெங்கராஜ் சவூதியில், யான்புவில் பைப் வெல்டர். அவனுக்கு லீவு கிடைத்தால் இவளுக்குக் கிடைக்காது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே ஊரில் இருந்த நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு மழைக்காலம்கூட வராது. பிரசவ வார்டில் போடும்போதெல்லாம் அடுத்தவர் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டு, தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். முப்பத்து நாலு வயதாகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே ஊரில் இருந்தால் போதும், மற்றதெல்லாம் அதன்பின் தானாக வரும் என்று நினைத்தாள்.

அதே அறையில் இருந்த கீழக்கரை ஷஹீராதான் முதலில் ஒரு காரணம் சொன்னாள். கட்டில் போகிற திசையும் அவள் தொழுகைப் பாய் விரிக்கிற திசையும் ஒன்றாக இருந்தன. பூவாயியின் கட்டில் மக்கா இருக்கிற கிப்லாவை நோக்கிப் போகிறது என்று செய்தி பரவியது. ஐதராபாத் நர்சுகள் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார்கள். ஒருத்தி பேரீச்சம்பழம் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். இன்னொருத்தி, பரீட்சை பாஸாக வேண்டும் என்று கட்டில் காலைத் தொட்டுக் கும்பிடாத குறைதான். பூவாயிக்குக் கூச்சமாக இருந்தது. "நான் சமயபுரத்தாளக் கும்புடுறவ. எங்கட்டிலுக்கு அங்க என்ன சோலி?" என்று கேட்டாள். "அல்லா யார் கட்டில வேணாலும் கூப்புடுவான், நீ பேசாமப் படு" என்றாள் ஷஹீரா.

ஆனால் ஷஹீரா கண் கூர்மையானவள். நாளாக நாளாகப் பாய்க்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த இடைவெளி அவளை உறுத்தியது. கட்டில் கொஞ்சம் வலது பக்கமாகச் சாய்ந்து போனது.

"ஏ பூவாயி, இது கிப்லாவுக்குப் போகலடி. ஒம் மாப்பிள்ள எந்த ஊருல இருக்காஹ?"

"யான்புல."

ஷஹீரா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "மக்காவுக்குக் கொஞ்சம் வலது கைப் பக்கம். அதான பாத்தேன். புருஷனத் தேடிப் போற கட்டிலுக்கா நாங்க பேரீச்சம்பழம் வச்சோம்? பழத்த எடு, நாம தின்போம்."

அன்றே பூவாயி யான்புவுக்கு மாற்றல் கேட்டு, அப்பாசியாவில் ஆபீஸ் வைத்திருந்த விஜயபாஸ்கரிடம் போய் நின்றாள். கம்பெனிக்கு ஆள் பிடிப்பவர் அவர். விசா அடிப்பதற்குள் வெயில் காலம் போய்விட்டது. ரெங்கராஜுக்கு அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. விசா கைக்கு வரும் முன் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்பது வளைகுடாவில் வந்து இறங்கும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லித் தரப்படுகிற விஷயம். படித்தவரும் அதைத்தான் செய்வார்கள், சிமெண்ட் சுமப்பவரும் அதைத்தான் செய்வார்கள்.

யான்புவில் அவள் இறங்கியபோது காற்றில் உப்பும் எண்ணெய் வாடையும் இருந்தன. மதியம் அங்கே கொடுத்த கட்டிலில் படுத்தவள், இன்று கட்டில் வாசலுக்குப் போகும், இவ்வளவு பக்கத்தில் இருப்பவரிடம் வேறு எங்கே போகும் என்று நினைத்தபடி தூங்கிப்போனாள். எழுந்து பார்த்தபோது கட்டில் வடகிழக்கே ஒரு சாண் போயிருந்தது. வந்த வழிக்கே. போன் வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் ரெங்கராஜ் அவளுடைய குவைத் நம்பருக்குக் கூப்பிட்டான். குவைத்தில் ஒரு சைட்டுக்கு ரகசியமாக எழுதிப்போட்டு, விசா அடித்து, அன்றைக்குக் காலையில்தான் அங்கே போய் இறங்கியிருந்தான்.

"ஃபர்வானியாவுக்குப் பக்கத்துலதான் எங்க கேம்ப்பு. நீ எத்தனாவது மாடி புள்ள?"

"நான் யான்புல இருக்கேன் மாமா."

போன் கார்டில் இருந்த காசு அதோடு தீர்ந்துபோனது.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. சலாலா, தம்மாம், மனாமா, ராஸ் அல் கைமா. புது ஊர், புது வார்டு, அதே யூனிபாரம். அவனையும் கம்பெனி சைட் சைட்டாக மாற்றியது. எந்த ஊரிலும் முதல் தூக்கம் முடிந்ததும் பூவாயி கட்டிலைப் பார்ப்பாள். அவன் இருக்கும் திசை தெரியும். "மேக்க மாத்திட்டாங்களா மாமா?" என்று அவள் போனில் கேட்டால் அவன் ஆச்சரியப்படுவதை நிறுத்திவிட்டிருந்தான்.

2009-இல் ஷார்ஜாவில், கம்பெனி அவளையும் ஷஹீராவையும் மறுபடி ஓர் அறையில் போட்டது. முதல் மாடி, கீழே முகம்மது ரிபாயின் மளிகைக் கடை. அந்த வருஷம் பல சைட்டுகள் பாதியில் நின்றன. ரெங்கராஜின் போன் குறைந்தது, பிறகு நின்றே போனது. நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் ஒரு நாள் கட்டிலும் நின்றது. மறுநாளும் நகரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. பூவாயி மானிட்டரில் கோடு நேராகிப் போவதை எத்தனையோ தடவை பார்த்தவள். டியூட்டிக்குப் போனாள், வந்தாள், கீழே போய்ச் சோப்பும் தயிரும் வாங்கினாள், பொட்டை மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டாள். தூங்கினால்தானே தெரியும் என்று சில நாள் தரையில் உட்கார்ந்தே இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகையில் நெற்றியைப் பாயில் வைத்த ஷஹீரா, பக்கவாட்டில் கட்டில் காலைப் பார்த்துவிட்டாள். தொழுகையை முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"பூவாயி, கட்டில் நிக்கலடி. எறங்குது."

நான்கு கால்களும் டைல்ஸை உடைத்துக்கொண்டு நாலு விரல் ஆழத்துக்கு உள்ளே போயிருந்தன.

பூவாயி செருப்புகூடப் போடாமல் படியிறங்கினாள். கல்லாவில் ரிபாய் இருந்தார்.

"வாங்க சிஸ்டர். நல்ல தயிர் வந்திருக்கு."

"உள்ள இருக்கவர வரச் சொல்லுங்கண்ணே."

"உள்ள அரிசி மூட்டைதான இருக்கு."

"அரிசி மூட்டைக்கெல்லாம் எங்கட்டில் எறங்காது."

ரிபாய் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். குடோன் திரையை விலக்கிக்கொண்டு ரெங்கராஜ் வந்தான். தலையெல்லாம் மாவு.

"சைட்ட மூடிட்டாங்க. இவரு கடைக்கு விசா எடுத்துத் தாரேன்னாரு. அடிச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன் புள்ள."

"செத்துட்டீங்கன்னு நெனச்சேன் மாமா. தெனம் வந்து சோப்பு வாங்கிட்டுப் போனேனே."

"தெரியும். கொரலு கேக்கும்."

அவள் அவன் தலையிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள். பாதி போகவில்லை, அது நரை.

விசா அடித்தது. பூவாயி ஷார்ஜாவிலேயே ஒரு கிளினிக்கில் நிரந்தரமாகச் சேர்ந்து, பெட்டியை அடிவரை பிரித்தாள். தரையைக் கெடுத்த கட்டில் எங்களுக்கு வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதால் அதையும் தூக்கிக்கொண்டு, பின்தெருவில் மாடியில் ஓர் அறைக்குக் குடிபோனார்கள். அங்கே கட்டில் ஓர் இம்மிகூட அசையவில்லை. பூவாயிக்குத்தான் தூக்கம் வரவில்லை. நிற்கிற கட்டிலில் படுத்து அவளுக்குப் பழக்கமில்லை. கண்ணைத் திறந்துகொண்டே கிடந்து, கிளினிக்கில் ஒருவருக்கான ஊசியை அடுத்தவருக்குப் போடப் பார்க்கிற அளவுக்குப் போய்விட்டது. ஒரு நாள் விடியற்காலை கடைக்குக் கிளம்பிய ரெங்கராஜ், என்ன தோன்றியதோ, அவளோடு சேர்த்துக் கட்டிலை ஒரு சாண் தள்ளினான். அவள் அப்படியே தூங்கிப்போனாள்.

அன்றிலிருந்து அவன் தினமும் தள்ளிவிட்டுத்தான் போகிறான். எந்தப் பக்கம் என்று அவள் கேட்பதில்லை. சுவர் முட்டினால் வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் பழைய இடத்துக்குத் தூக்கிப் போடுகிறார்கள். கீழே குடியிருக்கும் டாக்சி டிரைவர் கடிகாரத்துக்கு பேட்டரி போடுவதையே விட்டுவிட்டார். கட்டில் கால் தரையை உரசுகிற சத்தம் கேட்டதும் எழுந்து டியூட்டிக்குக் கிளம்புகிறார்.