டெல்லிக்குப் போன கால்வாய்

ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் உத்தமனுக்குத் தெரியாத சட்டம் கிடையாது. அப்படி ஒன்று இருந்தாலும் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். குடியிருப்போர் சங்கத் தலைவர் வேறு.

குடியிருப்பின் பின்பக்கச் சின்ன கேட்டைப் பாதுகாப்பு என்று சொல்லித் தொழிற்சாலை நிர்வாகம் பூட்டியதும், அதற்கு வெளியே இட்லிக்கடை வைத்திருந்த சாமுண்டீஸ்வரிக்குக் காலை வியாபாரம் படுத்துவிட்டது. அவள் கணவன் துலுக்கானம் உத்தமனின் கேரம் கூட்டாளி. நேராக வந்தான்.

"அண்ணாத்தே, எம்.பி.கிட்ட சொல்லி அந்த கேட்டைத் தொறக்க வையேன்."

"ராணுவ நிலம்டா. நாடாளுமன்றத்துல கேள்வி போனா அமைச்சரே பதில் சொல்லியாகணும். நான் பாத்துக்கிறேன்."

சட்டம் சொன்னதில் பிழையில்லை. எம்.பி.யின் உதவியாளரும், இந்தக் கூட்டத்தொடருக்கு உங்கள் பகுதியிலிருந்து ஒரு கேள்வி கொடுங்கள் என்றார். ஒன்றே ஒன்று. அங்கேதான் உத்தமனுக்குப் புத்தி பிசகியது. இட்லிக்கடைக்காகக் கேட்டால் பேப்பரில் யார் போடுவார்கள்? மழைக்கு ஊரை மூழ்கடிக்கும் கால்வாயைப் பற்றிக் கேட்டால் பெயர் வரும், சங்கத் தேர்தலில் எதிர்த்து நிற்க ஆளிருக்காது. கால்வாய் டெல்லிக்குப் போனது.

கால்வாய் மாநில அரசின் பொறுப்பு என்று பதில் வந்தது. பேப்பரில் ஒரு வரியும் வரவில்லை.

"இத நம்ம மாநகராட்சி ஆபீஸ் வாட்ச்மேனே சொல்லியிருப்பானே," என்றாள் மனைவி கண்ணம்மா, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

அதற்குள் சாமுண்டீஸ்வரி கடையை வானகரத்துக்கு மாற்றியிருந்தாள். மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்தமன் தேடிப் போனார். துலுக்கானம் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"நம்ம கேட்டு மேட்டரு இன்னா ஆச்சு அண்ணாத்தே? அமைச்சரு இன்னா சொன்னாரு?"

"அது போகலடா. கால்வாய்தான் போச்சு. மாநிலத்து விஷயம்னு திருப்பிட்டாங்க."

"மாநிலத்து விஷயம்னு உனக்குத் தெரியாதா இன்னா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். எந்தச் சட்டத்தையும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

"தெரியும்," என்றார். "அடுத்த கூட்டத்தொடர்ல உன் கேட்டு விஷயம்தான். கண்டிப்பா."

துலுக்கானம் கத்துவான் என்று எதிர்பார்த்தார். அவன் கத்தவில்லை. தட்டில் இரண்டு இட்லி வைத்து, சட்னி ஊற்றி நீட்டினான்.

"தொறந்தா அங்க யாரு கீறாங்க? சாப்டுங்க சார்."

பத்து வருஷத்தில் அவன் அவரை சார் என்று கூப்பிட்டதே இல்லை. உத்தமன் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.