மூன்றாவது புட்டி

நூறு மணி நேரம் பறந்ததும் செய்யும் பராமரிப்புச் சோதனை முடிந்து சரியாகப் பதினோரு மணி நேரம் நாற்பது நிமிடம் பறந்திருந்தது அந்தச் சிறிய விமானம். அதன் பிறகு, தரையில் மெதுவாக ஓடும்போதெல்லாம் எஞ்சின் உதறத் தொடங்கியது.

“சார், ஷேர் ஆட்டோ மாதிரி குலுங்குது,” என்றபடி இறங்கினான் நிகில்.

வெள்ளிக்கிழமை அவன் முதல்முறையாகத் தனியாகப் பறக்க வேண்டும். எங்கள் பயிற்சிப் பள்ளியில் பறக்கும் நிலையில் இருப்பது இந்த ஒரு விமானம்தான். மறைமலை நகரில் கார் ஆலையில் வேலை செய்யும் அவன் அப்பா, அதைப் பார்க்கவே ஷிஃப்ட் மாற்றி வாங்கியிருந்தார்.

“நீ பெட்ரோலையும் காத்தையும் கலக்குற மிக்சர் லிவரைக் கன்னாபின்னான்னு இழுத்திருப்ப,” என்றார் எங்கள் பொறியாளர் லாசரஸ் சார்.

“சத்தியமா இல்ல சார். ஜெரூஷா அக்காவைக் கேளுங்க.”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. எனக்குத் தெரிந்ததை எப்படிச் சொல்வது?

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினோம். மூன்றாவது சிலிண்டரில் மட்டும் கரி. அங்கே பெட்ரோல் அதிகம் போகிறது. சிலிண்டருக்கு ஒன்று என்று பெட்ரோலைத் தூவும் நான்கு நாசில்களையும் குழாயோடு வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு குழந்தைப் பால் புட்டிக்குள் விட்டோம்.

“நாலு புட்டியா? மெடிக்கல்ல என்ன சார் நினைச்சிருப்பான்?”

“பாவம்னு பத்து ரூபா கொறச்சான்டா.”

சார் அரை நிமிடம் பம்பைப் போட்டார். ஒன்று, இரண்டு, நான்காவது புட்டிகளில் ஒரே மட்டம். மூன்றாவது புட்டியில் ஒரு விரற்கடை கூடுதல்.

“நாசில் அடைச்சா குறையத்தான் செய்யும். கூடுதுன்னா, பங்கு பிரிச்சு அனுப்புற டிவைடர்லதான் கோளாறு. நாசிலெல்லாம் நம்ம ஜெரூஷா கிளீன் பண்ணது, அதுல சந்தேகமே வேணாம். டிவைடரைக் கழட்டி பெங்களூருக்கு அனுப்பிடுவோம். மூணு வாரம் ஆகும்.”

நிகில் செல்போனை எடுத்தான். “அப்பாகிட்ட சொல்லிடறேன் சார்.”

சார் ஸ்பேனரை வைத்தார். முதல் போல்ட் தளர்ந்தது.

அந்த நாசிலின் துளை ஊசிமுனை அளவுதான். கரைசலில் ஊற வைத்துக் காற்றடிக்கலாம்; உலோகம் எதுவும் உள்ளே படக் கூடாது. துளை இம்மி விரிந்தாலும் பெட்ரோல் கூடிவிடும். சோதனையன்று ஒன்றில் மட்டும் அழுக்கு போகவே இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் ஊறட்டும் என்று கேட்க எனக்குக் கூச்சம்.

“சார், ஒரு நிமிஷம்.”

“என்னம்மா?”

“டிவைடர் நல்லாத்தான் இருக்கும். மூணாவது நாசிலை மட்டும் மாத்துங்க. ஸ்டோர்ல புதுசு ஒண்ணு இருக்கு. சாயங்காலமே ஓட்டிப் பார்த்துடலாம்.”

சாரின் கை நின்றது. நிகில் போனைக் காதிலிருந்து இறக்கினான்.

“எப்படிம்மா அவ்ளோ உறுதியா சொல்ற?”

“அழுக்கு போகல சார். துப்பட்டால குத்தியிருந்த ஊக்கைக் கழட்டி, ஓட்டைக்குள்ள விட்டு நான்தான் சுத்தினேன்.”